1909 லண்டன் பெண்களின் அகலத் தொப்பி தலையில் எப்படி நின்றது? (கூந்தல், தொப்பி விவாத இழை)

அரங்கநாயகி

வணக்கம். எங்கள் குழு போடும் நாடகத்தின் முதல் பாகம் 1909-ல் லண்டனில் நடக்கிறது, இரண்டாம் பாகம் 1925-ல். இரண்டிலும் ஒரே வீட்டுப் பெண்கள்தான். கூந்தலும் தொப்பியும் என் பொறுப்பு. அகல விளிம்புத் தொப்பிகளை அட்டையும் துணியும் வைத்துச் செய்துவிட்டேன், பார்க்க நன்றாகவே இருக்கின்றன. தலையில் வைத்தால்தான் பிரச்சினை. நடிகைகளுக்கு நடு வகிடு எடுத்துப் பின்னால் இறுக்கமாகக் கொண்டை போட்டிருக்கிறோம். தொப்பி நேராகப் புருவத்துக்கு இறங்கிவிடுகிறது. தலையைத் திருப்பினால் அது திரும்ப மாட்டேன் என்கிறது. பழைய புகைப்படங்களில் இதைவிடப் பெரிய தொப்பி தலைக்கு மேலே மிதக்கிற மாதிரி நிற்கிறதே, எப்படி? தாடைக்குக் கீழே எலாஸ்டிக் கட்டலாமா?

இன்னொரு கேள்வி. வீட்டில் 15 வயதுத் தங்கை ஒருத்தி, 19 வயது அக்கா ஒருத்தி. இருவருக்கும் ஒரே மாதிரி அலங்காரம் செய்யலாமா?

பழந்துணி

எலாஸ்டிக் வேண்டாம். தொப்பியில் கோளாறு இல்லை, கீழே இருக்கும் கொண்டையில்தான் கோளாறு. அந்தக் காலத் தொப்பி மண்டையில் உட்காரவில்லை, முடியின் மேல் உட்கார்ந்தது. கூந்தலையும் தொப்பியையும் தனித்தனியாக யோசித்தால் இந்தப் பத்தாண்டு பிடிபடவே பிடிபடாது.

1890களில் அமெரிக்க ஓவியர் சார்லஸ் டானா கிப்சன் வரைய ஆரம்பித்த பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். நெற்றிக்கு மேலேயும் காதுகளுக்கு மேலேயும் முடி சுற்றிலும் உப்பி எழுந்து நிற்கும், உச்சியில் ஒரு சின்ன முடிச்சு. பத்திரிகையில் வந்த அந்த முகத்தை நியூயார்க்கிலும் லண்டனிலும் கடைப் பெண்கள் முதல் பணக்கார வீட்டுப் பெண்கள் வரை தங்கள் தலையில் கொண்டுவரப் பார்த்தார்கள். அந்த உப்பலை வெறும் முடியால் நிறுத்த முடியாது. உள்ளே தலையைச் சுற்றி வளையமாக ஒரு திண்டு வைப்பார்கள். கம்பிச் சட்டம், குதிரை முடி, அல்லது சொந்த முடியே. சீப்பில் வரும் முடியை வீணாக்காமல் சேர்த்து வைக்கவே ஒப்பனை மேசையில் ஒரு கிண்ணம் இருக்கும். பீங்கானில் செய்தது, மூடியின் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. சீப்பில் சிக்கியதை விரலில் சுருட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ளுவார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் வலைக்குள் வைத்துத் தைத்தால் திண்டு தயார். சொந்த முடி என்பதால் நிறமும் பொருந்திவிடும்.

செய்முறை: முன்முடியை முகத்தின் மேல் விழும்படி முன்னால் தள்ளுங்கள். வேர்ப் பக்கம் சீப்பை எதிர்த்திசையில் ஓட்டிச் சடைபோல் அடர்த்தியாக்குங்கள். திண்டைத் தலையைச் சுற்றிப் பின் செய்துவிட்டு, முடியை அதன் மேல் மடித்து உச்சியில் முடிச்சுப் போடுங்கள். தொப்பியின் உட்பக்கத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்து அதை இன்னும் கொஞ்சம் உயர்த்துவதும் உண்டு. பிறகு நீண்ட தொப்பி ஊசி. தொப்பியின் ஒரு பக்கம் நுழைந்து, முடியையும் திண்டையும் கொத்தாகப் பிடித்து, மறுபக்கம் வெளியே வரவேண்டும். எதிர்த் திசையில் இன்னொன்று. மேடைக்கு முனை மழுங்கியது போதும்.

தங்கைக்கும் அக்காவுக்கும் ஒரே அலங்காரம் கூடவே கூடாது. 15 வயதுப் பெண்ணின் முடி முதுகில் தொங்க வேண்டும், பிடரியில் அகலமான கறுப்புப் பட்டு ரிப்பன் பெரிய வில் முடிச்சாக. வசதியான வீடுகளில் 17, 18 வயதில்தான் முடியைத் தூக்கிக் கட்டுவார்கள், அத்தோடு பாவாடை கணுக்கால் வரை இறங்கும். வேலைக்குப் போகும் பெண்கள் அதற்கு முன்பே தூக்கிக் கட்டினார்கள். முடி மேலே போய்விட்டால் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும்.

மதுரைக்காரி

இது சவுரிதானே! எங்கள் அப்பத்தா சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுவர் ஓட்டையில் செருகி வைப்பார். மூட்டை நிறைய ஊசி, பாசி, பின் எல்லாம் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து சாமான் வாங்குவோம். அந்த முடிதான் சவுரியாகி வேறொருத்தி சடையில் போய்ச் சேரும். நாம் அதை நீளத்துக்குச் சேர்த்தோம், அவர்கள் உயரத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள்.

அரங்கநாயகி, உங்களுக்கு நல்ல செய்தி. பூக்கடைத் தெருவில் கொண்டைக்கு விற்கிற வட்டத் திண்டு நாலு வாங்கி ஓரம் ஓரமாகத் தைத்தால் அந்த வளையம் கிடைத்துவிடும்.

அரங்கநாயகி

மதுரைக்காரி அக்கா, உடனே வாங்கிவிடுகிறேன். பழந்துணி சார், நன்றி. தொப்பியின் மேல் என்ன வைப்பது? இப்போது காகிதப் பூ மட்டும் வைத்திருக்கிறேன், ஏழைத்தனமாகத் தெரிகிறது.

பழந்துணி

1909 என்றால் தாராளமாக வையுங்கள். 1907-ல் லண்டன் டேலிஸ் அரங்கில் 'தி மெர்ரி விடோ' நாடகம் ஏறியது. நாயகி லில்லி எல்சிக்கு ஆடை வடிவமைத்தவர் லூசில் என்ற பெயரில் கடை வைத்திருந்த லேடி டஃப் கோர்டன் (1912-ல் டைட்டானிக்கில் போய் உயிர்தப்பியவர்). எல்சி அணிந்த அகலத் தொப்பி கடல் கடந்து பரவியது, அடுத்த சில ஆண்டுகள் விளிம்பு அகன்றுகொண்டே போனது. பட்டு ரோஜா, வலைத்துணி, ரிப்பன், எல்லாவற்றுக்கும் மேலே இறகு. இறகு இல்லாமல் அந்தக் காலத் தொப்பி முழுமையாகாது.

வேடந்தாங்கல்_நண்பன்

இறகு என்றதும் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்த விஷயத்தை அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

அந்தத் தொப்பிகளில் புகைபோல மெல்லியதாக, நுனி நடுங்கிக்கொண்டு நிற்கும் வெள்ளைத் தூவிகள் கொக்கின் முதுகில் வளர்பவை. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் வளரும். டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கலுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். கூட்டில் நிற்கும் சின்னக் கொக்கு துணை வந்து இறங்கியதும் முதுகுத் தூவிகளை விசிறியாக விரிக்கும். வேட்டைக்காரர்களுக்கு வேண்டியது அதுவே என்பதால், பறவை கூடு கட்டியிருக்கும் நேரத்தில்தான் சுட்டாக வேண்டும். ஒரே மரத்தில் பத்துக் கூடுகள் என்று கூட்டமாக இருக்கிற பறவை, குஞ்சை விட்டு எளிதில் போகாது. தாய் தகப்பன் செத்தால் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் சாகும். 1903-ல் அமெரிக்காவில் வேட்டைக்காரனுக்கு ஒரு அவுன்ஸ் தூவிக்கு 32 டாலர் கிடைத்தது, தங்கத்தைவிட அதிகம். அந்தக் காசுக்காக 1905-ல் ஃப்ளோரிடாவில் பறவைக் காவலர் கை பிராட்லியைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம் நாட்டிலிருந்தும் போனது. 1902-ல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது, அதற்குப் பிறகும் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது. வாங்குகிற இடமான பிரிட்டனில் இறக்குமதித் தடைச் சட்டம் 1921-ல்தான் வந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் லண்டன் ஏலக்கூடங்களில் மூட்டை மூட்டையாக இறகு விற்றது.

மேடையில் கொக்குத் தூவி மாதிரி எதையும் வைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

ஈரோட்டு_வாசகன்

நண்பரே, வருத்தம் புரிகிறது. ஆனால் இப்படிச் சொன்னால் பழி முழுவதும் தொப்பி போட்ட பெண்ணின் தலையில் விழுகிறதே. ஏலம் எடுத்தவன், சுட்டவன், கப்பலில் ஏற்றியவன் எல்லாம் ஆண்கள்தான்.

வேடந்தாங்கல்_நண்பன்

பழி போடவில்லை. உண்மையில் அதை நிறுத்தியவர்களும் பெண்களே. 1889-ல் மான்செஸ்டர் அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் தன் வீட்டில் தோழிகளைக் கூட்டி, இறகு அணிய மாட்டோம் என்று உறுதி எடுக்க வைத்தார். தெற்கே குரோய்டனில் எட்டா லெமன் போன்றோர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இவை சேர்ந்து வளர்ந்ததுதான் 1904-ல் அரச சாசனம் பெற்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம். 1896-ல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களைத் தேநீருக்கு அழைத்துப் பேசிப் பேசியே பறவைகளைக் காக்கும் மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தை எழுப்பினார்கள். 1906-ல் அலெக்ஸாண்ட்ரா அரசியே தான் கொக்குத் தூவி அணிவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆகவே 1909-ல் லண்டனில் ஒரு 19 வயதுப் பெண் தூவி இல்லாத தொப்பி போட்டால் அது ஏழைத்தனம் இல்லை, அவளுடைய நிலைப்பாடு.

பழந்துணி

இது அருமையான யோசனை. நெருப்புக்கோழி இறகு வைக்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஔட்ஷோர்ன் பண்ணைகளில் பறவையைக் கொல்லாமல் இறகை வெட்டி எடுத்தார்கள், சங்கமும் அதை எதிர்க்கவில்லை. அத்தைக்கு இறகு, அக்காவுக்குப் பட்டு ரோஜா என்று வைத்தால் வசனமே இல்லாமல் இரண்டு தலைமுறையும் தெரியும்.

தையல்_தங்கம்

பட்டு ரோஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் அந்தப் பூக்களை இத்தாலியக் குடியேறிகள் வாடகை அறைகளில் உட்கார்ந்து செய்தார்கள். புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த படங்கள் இருக்கின்றன: சமையலறை மேசையைச் சுற்றி அம்மா, பாட்டி, நாலைந்து பிள்ளைகள், மேசை நிறையத் துணி இதழ்கள், விளக்கு வெளிச்சத்தில் காம்பில் கம்பி சுற்றும் சின்ன விரல்கள். நான் துணிப்பூ கட்டிப் பிழைப்பவள். பீஸ் ரேட்டில் வேலை செய்தால் கை எப்படிப் போகும் என்று தெரியும், அதனால் அந்தப் படங்களில் என் கண் முதலில் விரல்களுக்குத்தான் போகும். தொப்பி போட்டவளைப் பற்றிப் பேசும்போது கட்டியவளையும் சேர்த்துப் பேசுங்கள்.

சட்டக்கல்லூரி_மாணவி

பழந்துணி சார் தொப்பி ஊசியைச் சட்டென்று கடந்துவிட்டார். ஒன்பது, பத்து அங்குலம், சில அதைவிட நீளம், எஃகு, முனை கூர்மை. தனியாக டிராமில் வேலைக்குப் போய்வரத் தொடங்கிய பெண்களின் கையில் அது ஆயுதமும்கூட. 1903 மே மாதம் லியோட்டி பிளேக்கர் என்ற கான்சாஸ் இளம்பெண் நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூ வண்டியில் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்த முதியவர் உரசி உரசி நெருங்கி முதுகில் கை வைக்க, ஊசியை உருவி அவர் கையில் குத்திவிட்டார். ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். பத்திரிகைகளில் இப்படிப் பல செய்திகள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். உரசுகிறவர்களைப் பற்றிய கவலை குறைந்து, ஊசியின் நீளம் பற்றிய கவலை வளர்ந்தது. 1910 மார்ச்சில் சிகாகோ நகர மன்றம் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட ஊசிக்குத் தடை கொண்டுவந்தது, மீறினால் 50 டாலர் வரை அபராதம். கூட்ட நெரிசலில் துருத்திய முனை அடுத்தவர் கன்னத்தைக் கிழித்ததும் உண்மைதான், அதற்கு முனைமூடி போதும். ஆனால் பெண்களுக்குத் தெருவைப் பாதுகாப்பாக்கிவிட்டு அப்புறம் ஊசியைக் கேளுங்கள் என்று அன்று பெண்கள் வாதாடியதில் நியாயம் இருக்கிறது.

ஈரோட்டு_வாசகன்

சரி, இவ்வளவு பெரிய கூந்தலும் தொப்பியும் 15 ஆண்டில் எப்படிக் காணாமல் போயின? 1925-ல் எல்லோரும் கிராப்பு. போர் முடிந்தது, பெண் விடுதலை வந்தது, முடியை வெட்டினார்கள் என்று ஒரே வரியில் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

பழந்துணி

அந்த ஒரே வரி எனக்குப் போதவில்லை. போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாரிஸில் போலந்துக்காரச் சிகை அலங்காரக் கலைஞர் ஆன்டுவான் 1909 வாக்கிலேயே நடிகை ஈவ் லாவாலியேருக்குக் குட்டையாக வெட்டியிருந்தார். அமெரிக்க நடனக்காரி ஐரீன் காசில் 1914-ல் ஓர் அறுவை சிகிச்சைக்கு முன் வசதிக்காக வெட்டிக்கொண்டார். 1915-ல் அதையே ஆயிரக்கணக்கான பெண்கள் கேட்டு வாங்கினார்கள். வேகமான நடனத்தில் திண்டும் முப்பது கொண்டை ஊசியும் எத்தனை நேரம் நிற்கும்?

போர் செய்தது வேறு. வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலைகளில் உலோகம் உரசிப் பொறி பறந்தால் கட்டடமே போய்விடும். ஆகவே வாசலில் பெண்களைச் சோதித்துக் கொண்டை ஊசி முதல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஊசி இல்லாமல் அந்த உப்பல் ஏது? பின்னிச் சுருட்டித் துணித் தொப்பிக்குள் அடைத்தார்கள். டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாளும் வேலையில் இருந்தவர்களுக்குத் தோல் மஞ்சளாகும், தொப்பிக்கு வெளியே தெரிந்த முன்முடி செம்பட்டையாகிவிடும். பகல் முழுக்க இப்படி இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து திண்டு கட்ட யாருக்கும் மனம் வராது. விடுதலை என்ற எண்ணம் பிறகு வந்து இதோடு சேர்ந்துகொண்டது என்பது என் கருத்து. கை முதலில் பழகியது.

ஈரோட்டு_வாசகன்

இல்லை சார், இதில் உடன்பட மாட்டேன். வெறும் வசதி என்றால் அப்பாக்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? 1920களின் தொடக்கத்தில் முடியைக் குட்டையாக 'பாப்' வெட்டிய கடைப் பெண்களை வேலையை விட்டு அனுப்பிய முதலாளிகள் உண்டு. பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் வெட்ட மறுத்ததால் ஆண்கள் சவரக் கடையில் வரிசையில் நின்று வெட்டிக்கொண்டார்கள். சினிமா நடிகை மேரி பிக்ஃபோர்ட் 1928-ல் தன் புகழ்பெற்ற சுருள்களை வெட்டியது நியூயார்க் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. முடியைத் தூக்கிக் கட்டியதும் பெரியவள் என்று நீங்களே சொன்னீர்கள். கட்டுவதற்கே முடி இல்லை என்றால், பெண் எப்போது பெரியவளாகிறாள் என்று சொல்லும் உரிமை வீட்டின் கையைவிட்டுப் போகிறது. அப்பாக்களின் கோபம் அதற்குத்தான்.

பழந்துணி

இதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. கோபத்துக்கான காரணம் நீங்கள் சொல்வதே. வெட்டியதற்கான காரணத்தில் என் கருத்தை வைத்துக்கொள்கிறேன்.

மதுரைக்காரி

அதே 1920களில் நம்மூரில் இதை யோசித்துப் பாருங்கள். பிராமண வீடுகளில் கணவனை இழந்த சின்னப் பெண்களுக்குத் தலையை மழித்துக்கொண்டிருந்த காலம். அங்கே கூந்தலை இழப்பது தண்டனை. அதே சமூகத்தின் நடுவே நின்று பெரியார் பெண்களைக் கிராப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். லண்டனில் தகப்பன் கோபப்பட்டான், இங்கே கேட்டவர்களுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும்.

கீழைக்கடல்

ஜப்பானையும் பாருங்கள். 1872-ல் டோக்கியோவில் பெண்கள் முடி வெட்டவே கூடாது என்று ஆணை போட்டார்கள், ஆண்களைக் குடுமியை வெட்டிக்கொள்ளத் தூண்டிய அதே அரசு. எண்ணெய் மெழுகு பூசிக் கட்டும் பழைய கொண்டையைக் கலைக்காமல் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள், தூங்கும்போது கழுத்துக்கு மட்டும் உயரமான கட்டை. இது உடம்புக்கும் ஆகாது, செலவும் அதிகம் என்று 1885-ல் எளிய கொண்டைக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் நெற்றிக்கு மேல் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் ஹிசாஷிகாமி. மேற்கே போய் நடித்துத் திரும்பிய சடயாக்கோவால் அது பரவியது என்பார்கள். ருஷ்யப் போரில் 1904-ல் போர்ட் ஆர்தரின் 203 மீட்டர்க் குன்றுக்காக ஆயிரக்கணக்கில் செத்தார்கள், உச்சியில் முடிச்சு எழும் ஒரு கொண்டைக்கு அந்தக் குன்றின் பெயரே வந்தது. செம்பழுப்பு ஹக்காமா (கிமோனோவுக்கு மேல் கட்டும் மடிப்புப் பாவாடை), பின்னால் பெரிய ரிப்பன், சைக்கிள் என்று போன பள்ளிக்கூடப் பெண்களும் இந்த உப்பலோடுதான் போனார்கள். 1920களில் கின்சா தெருவில் நடந்த நவநாகரிகப் பெண்கள் அதையும் வெட்டினார்கள், தொப்பி போட்டார்கள்.

சீனாவின் பங்கும் உண்டு. அந்த உப்பல் கலையாமல் இருக்க மேலே போட்ட முடிவலைகள் ஷாண்டோங்கின் சீஃபூ பக்கத்தில் பெண்கள் மனித முடியால் கையால் முடிந்தவை. மேற்கே பெண்கள் முடி வெட்டியதும் அங்கே அந்தத் தொழில் விழுந்தது.

தையல்_தங்கம்

பாருங்கள், மறுபடி விரல்கள்.

அரங்கநாயகி

எத்தனை விஷயம்! தங்கைக்கு ரிப்பன் கட்டியாகிவிட்டது, அக்காவுக்குத் திண்டு வைத்ததும் தொப்பி அசையாமல் நிற்கிறது. கடைசியாக இரண்டாம் பாகம். 1925 தொப்பிகள் மணி வடிவத்தில் இறுக்கமாக இருக்கின்றன. எங்கள் நடிகைகள் எல்லோருக்கும் இடுப்பளவு முடி, வெட்டச் சொல்ல மாட்டேன். எப்படி உள்ளே நுழைப்பது?

பழந்துணி

வெட்டவே வேண்டாம். பாரிஸின் தொப்பிக் கலைஞர் கரோலின் ரெபூ போன்றவர்கள் அந்தத் தொப்பியை வாடிக்கையாளர் தலையிலேயே ஃபெல்ட் துணியை வைத்து வெட்டி மடித்து உருவாக்கினார்கள், மண்டையின் வடிவமே தொப்பியின் வடிவம். ஆகவே உச்சியில் ஒரு துளி உயரம்கூடக் கூடாது. பக்க வகிடு எடுங்கள். இரண்டு பின்னலாகப் பின்னி, பிடரியில் குறுக்காகப் போட்டுத் தட்டையாகப் பின் செய்யுங்கள். காதோரம் இரண்டு கற்றையை மட்டும் விட்டு, கன்னத்தில் வளைத்து ஒட்ட வையுங்கள். அன்று வெட்டத் துணியாத பெண்கள் நிறையப் பேர் முடியைக் காதின் மேல் வட்டமாகச் சுருட்டி மறைத்து, வெட்டியது போலவே நடமாடினார்கள். ஒரு நடிகைக்கு அப்படிச் செய்யலாம். அம்மா பாத்திரத்துக்கு மட்டும் நீள முடிக் கொண்டையை அப்படியே விடுங்கள், 1925-லும் அவர் வயதுப் பெண்கள் பலர் வெட்டவில்லை. தொப்பியைப் புருவம் தொடும் வரை இழுத்துவிடுங்கள், ஊசி வேண்டாம். முன்னால் பார்க்க நடிகைகள் முகத்தைக் கொஞ்சம் தூக்கி நடக்க வேண்டியிருக்கும், அந்த நடையை ஒத்திகையிலேயே பழக்கிவிடுங்கள்.